அசல் மட்டுமே ஏற்கப்படும்

எங்கள் தொழிலில் ஒரு காலத்தில் ஒரே ஒரு நோய்தான் இருந்தது. மஞ்சள் காமாலை. மேல்முறையீட்டுக்கான கெடுவைத் தவறவிட்டவர் யாராக இருந்தாலும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். கீழாநெல்லி குடித்து, பத்தியம் இருந்து, படுத்த படுக்கையாய்க் கிடந்து, கெடு முடிந்த பிறகு டாண் என்று எழுந்து உட்காருவார். கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்து புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஈரலைப் பற்றி உருக்கமாக எழுதிய வக்கீல்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். வழக்கறிஞர் சங்கத்தில் எனக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது.

இத்தனை ஈரல்கள் கெட்டுப்போயிருந்தால் சுகாதாரத் துறைக்கு அல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்று நீதிபதிகளுக்கு ஒருநாள் உறைத்தது. தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் தர வேண்டும் என்பது பழைய விதி. விளக்கமெல்லாம் பொய்யாக இருக்கிறது, ஆகவே விளக்கம் வேண்டாம், அந்த நாட்களையே கொண்டுவந்து கொடு என்று புது விதி போட்டார்கள்.

அதற்குத் தோதாக ஒரு கருவியும் வந்து சேர்ந்தது. மனித மூளை நினைவுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறதாம். தேதியைச் சொன்னால் அந்த நாளை உருவி ஒரு சில்லுக்குள் அடைத்துவிடலாம். உருவிய பிறகு அந்த நாள் ஆளிடம் இருக்காது. டாக்டர்கள் இதைக் கண்டு மிரண்டு ஒதுங்கினார்கள். நீதித்துறை ஆசையாக வாங்கிக்கொண்டது. நகல் எடுத்துக்கொண்டு நினைவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று நாங்கள் கேட்டோம். அதற்குப் பதிலாக, மதுரையில் புதிதாகத் திறந்த தென்மண்டல மேல்முறையீட்டு மன்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பலகை மாட்டினார்கள். 'அசல் மட்டுமே ஏற்கப்படும்.'

அந்தக் கருவி வந்த பிறகு தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை அடியோடு ஒழிந்தது. மேல்முறையீடும் பாதி ஒழிந்தது. அரசு இரண்டையும் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

சுடலைவடிவு தூத்துக்குடியில் என் அலுவலகத்துக்கு வந்தபோது, கையில் ஒரு துணிப்பை நிறைய காகிதம் வைத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும்.

"மேக்கோர்ட்டுக்குப் போவணும் அண்ணாச்சி. எங்க வீட்டுல உள்ளவிய கேசு."

"வீட்டுக்காரர் பேரு?"

"ஐகோர்ட்ராஜா."

வெளியூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் அந்தப் பெயரில் ஒரு சாமி இருக்கிறார், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்போம். சிரிக்காமல் கோபப்பட்டது நகல் பிரிவுதான். தீர்ப்பின் நகல் கேட்டு ராஜா போட்ட மனுவை, 'மனுதாரர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் நீதிமன்றத்தின் பெயர் எழுதப்பட்டுள்ளது' என்று குறித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெயரே அதுதான் என்று எழுதி, தகப்பனார் பெயரையும் சேர்த்து மறுபடி அனுப்பினார். தகப்பனார் பெயர் ஐகோர்ட்துரை. 'இரண்டு நீதிமன்றங்கள் கூட்டாக மனுச் செய்ய இயலாது' என்று அதுவும் திரும்பி வந்தது.

ராஜா ஒரு தனியார் சரக்குத் தளத்தில் கிரேன் ஓட்டியவர். தூக்கிய பெட்டி ஒன்று நிற்காமல் இறங்கி, கீழே நின்ற மாசாணம் என்ற தொழிலாளி செத்துப்போனார். பிரேக் போட்டேன், பிடிக்கவில்லை என்றார் ராஜா. பிரேக் போடப்படவே இல்லை என்றது கிரேனுக்குள் இருந்த கணினி. நீதிமன்றம் கணினியை நம்பியது. பொய் சொல்லிக் காப்பாற்றிக்கொள்ள அதற்குக் குடும்பம் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள். மாசாணத்தின் சாவுக்கு ராஜாவின் கவனக்குறைவே காரணம் என்பது முடிவு.

நகலுக்கு அலைந்துகொண்டிருந்தபோதே ராஜாவுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தது. கெடு முடிந்த நாளில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். அதன் பிறகு ஒரு மாதம் போல் இருந்து, செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வடிவு நேரே என்னிடம் வந்திருக்கிறாள்.

"சாவதுக்கு முந்தி எங் கையப் பிடிச்சிக்கிட்டு, அந்த உசுரு எம்பேருல நிக்கக் கூடாதுட்டி, நீ மேல போன்னாவ. மாசாணம் வீடு எங்களுக்கு எதுத்த வீடு. நான் வாசலுக்கு வந்தா அவன் பொண்டாட்டி கோலத்த அப்படியே போட்டுட்டு உள்ள போயிருவா. இருவது வருசம் ஒரே குழாயில தண்ணி பிடிச்சவ அண்ணாச்சி."

நான் விதியைச் சொன்னேன். இதைச் சொல்வதற்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறேன், பல் டாக்டர்கள் வைத்திருப்பார்களே, அது போல.

"கெடு தாண்டின ஒவ்வொரு நாளையும் மன்றத்துல ஒப்படைக்கணும்மா. உங்க தலையில இருந்து எடுத்துருவாங்க."

"எடுத்துப் பாத்துட்டுத் தந்துருவாவளா?"

"மனுவை அனுமதிச்சா கேஸ் கட்டோட சேத்துக் கட்டிருவாங்க. தள்ளிட்டா அழிச்சிருவாங்க."

அவள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அவிய கடைசியா கெடந்தது அந்த நாளுலதான."

"ஆமா."

"அவிய செத்ததும் போயிருமா?"

"போயிரும்."

"இப்ப நான் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கது?"

"மனு உள்ள போற வரைக்கும் எல்லா நாளும் தாமதம்தாம்மா. இன்னைக்கும் சேத்தி."

பிறகு எந்த நீதிபதியும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அப்பம் பெட்டி விழுந்த அன்னைக்கு உள்ளத அவிய தலையில இருந்து எடுத்துப் பாத்துருக்கலாமே அண்ணாச்சி? பிரேக்கு போட்டாவளா இல்லியான்னு தெரிஞ்சிருக்குமே."

"அது தாமதமான நாள் இல்லியேம்மா. தாமதமான நாளை மட்டுந்தான் வாங்குவாங்க."

முழுக் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. வழக்கின் உண்மையைக் கண்டுபிடிக்க அந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று எங்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்து வென்றது. பந்தலில் நானும் உட்கார்ந்திருந்தேன், கோஷம் போட்டேன், மோர் குடித்தேன். உண்மை தெரிந்துவிட்டால் பிறகு வாதாட என்ன இருக்கிறது?

"வேற வழி இல்லியா?"

"மேல்முறையீடு வேண்டாம்னு விட்டுரலாம். நாள் எல்லாம் உங்ககிட்டயே இருக்கும்."

அவள் அழவில்லை. "நாளு எங்கூட வந்து எங்கூடப் போயிரும். பேரு அப்படி இல்லல்லா, நாங்க போன பெறவும் தெருவுல கெடக்கும். எடுக்கச் சொல்லுங்க," என்றாள். பிறகு, "எங்களுக்குப் பிள்ளையும் இல்ல. முழிச்ச பெறவு நீங்கதான் எனக்கு எல்லாத்தையும் சொல்லணும்," என்றாள். சரி என்றேன். வக்கீல்கள் எதற்கும் சரி என்போம்.

மதுரை மன்றத்தில் இதற்கெல்லாம் அதிகாரி, உதவிப் பதிவாளர் ஞானசிகாமணி. லஞ்சம் வாங்காதவர், குரலை உயர்த்தாதவர், விதியைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். இப்படிப்பட்ட நல்லவர்களிடம் மாட்டிக்கொள்வதைவிட ஒரு திருடனிடம் மாட்டிக்கொள்ளலாம், திருடனிடம் பேசிப் பார்க்கவாவது முடியும். அவர் வடிவின் விரல்ரேகையைச் சரிபார்த்தார், தேதிகளைச் சரிபார்த்தார், மனுக்களுக்கு ஸ்டாம்பு ஒட்டும் அறைக்குப் பக்கத்து அறையில் அவளை உட்காரவைத்து, தலையில் தொப்பி போன்ற ஒன்றை மாட்டினார். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்தான். நாட்கள் எல்லாம் ஒரு சில்லுக்குள் போய், சில்லு ஒரு உறைக்குள் போய், உறையில் அரக்கு வைத்தார்கள்.

வடிவு கண் விழித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு சட்டென்று எழுந்தாள்.

"இது எந்த எடம்? நான் ஆஸ்பத்திரியிலல்லா இருந்தேன்? அவிய இட்லி கேட்டாவ, சாம்பாரு வேண்டாம் வெறும் இட்லியே போதும்னாவ..."

"உக்காருங்கம்மா."

"நீங்க யாரு?"

அவள் எனக்குக் கொடுத்திருந்த வக்காலத்தை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங் கையெழுத்துதான்," என்றாள் பயந்துபோய். சொல்ல வேண்டியதை நான் சொல்லத் தொடங்கினேன். பேச்சை விற்றுப் பிழைக்கிறவன் நான், ஆனாலும் அன்று ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வரவில்லை. ராஜா அண்ணாச்சி போயிட்டாங்கம்மா என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"ஏன் அண்ணாச்சி அச்சானியமாப் பேசுதிய? காலையிலதான் சாப்பிட்டாவ." சொல்லிக்கொண்டே அவள் கை கழுத்துக்குப் போயிற்று. அங்கே தாலி இல்லை. விரல்கள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு அங்கேயே நின்றன.

"எப்பம்?"

தேதியைச் சொன்னேன்.

"நான் பக்கத்துல இருந்தனா?"

"இருந்தீங்கம்மா."

"அழுதனா?"

எனக்குத் தெரியவில்லை. கெடு முடிந்த தேதி, இறந்த தேதி, காரியம் முடிந்த தேதி எல்லாம் கேட்டு வைத்திருந்தேன். அழுதாளா என்று கேட்டு வைக்கவில்லை, மனுவில் அதற்குப் பத்தி கிடையாது. அந்த நிமிடம் எனக்கு என் மேல் வந்த வெறுப்பை இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன், என்னிடமிருந்து அந்த நாளை எந்த மன்றமும் கேட்கவில்லை.

அன்றே வாரிசுப் பிரமாணம் தாக்கல் செய்ய வேண்டும். இறந்தவருக்காக மேல்முறையீடு செய்கிறவர், அவர் இறந்துவிட்டதைத் தம் சொந்த அறிவில் அறிந்திருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்கும் அங்கே ஒரு கருவி இருக்கிறது, உண்மைமானி. அதன் மேல் விரலை வைத்துச் சொன்னால், உண்மைக்குப் பச்சை, பொய்க்குச் சிவப்பு. பிரமாணங்களுக்கு மட்டும்தான் அதை வைக்கலாம். வழக்குக்கு வைக்கக் கூடாது. ஏன் என்று நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

வடிவு விரலை வைத்தாள். ஞானசிகாமணி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். "எங் கணவர் இறந்துட்டாருன்னு... எஞ் சொந்த அறிவுல எனக்குத் தெரியும்."

சிவப்பு.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா," என்றார் ஞானசிகாமணி பொறுமையாக. மறுபடி சிவப்பு.

"தாலி இல்ல அய்யா. அதான் செத்துட்டாவன்னு தெரியுது," என்றாள் வடிவு.

"அது அனுமானம்மா. சொந்த அறிவு இல்ல."

நான் குறுக்கே விழுந்தேன். "இறப்புச் சான்றிதழ் இருக்கு சார்."

"அது அரசாங்கத்தோட அறிவு. மனுதாரரோட அறிவு வேணும்."

"மனுதாரரோட அறிவைத்தான நீங்க காலையில உருவி அலமாரியில வச்சிருக்கீங்க?"

"ஆமா சார். பத்திரமா இருக்கு," என்றார் அவர். கிண்டல் அவரைத் தொடவே இல்லை.

வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. மன்றத்துக்குள் அதற்கும் ஒரு விதி இருப்பதால் விழுங்கிக்கொண்டேன். அப்போதுதான் ஞானசிகாமணி, தாமே முன்வந்து, ஒரு உதவி செய்தார். ஒப்படைத்த ஆவணத்தை மனுதாரர் அரை மணி நேரம் பார்வையிட விதியில் இடமிருக்கிறதாம். "அவங்க கண்ணு வழியாத்தான் பாப்பாங்க. பாத்துட்டா அது சொந்த அறிவாயிரும். எந்த நாளைப் பாக்கணும்னு மட்டும் எழுதிக் குடுங்க."

கடைசி நாள் என்று எழுதிக் கொடுத்தேன். வடிவு மறுபடியும் அந்த அறைக்குள் போனாள். கதவு மூடியது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மேல்முறையீடு நிறைய செய்தவன் என்று என் பெயர்ப்பலகையில் போட்டிருப்பதை எப்படி அழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அவியளப் பாத்தேன்."

"ம்."

"எலும்பும் தோலுமாக் கெடந்தாவ. பேச்சு இல்ல. ஒருத்தி கூடவே இருந்தா. மொகம் தெரியல, கை மட்டுந்தான் தெரிஞ்சுது. கிரேன்காரவியளுக்குக் கீழ நின்னு கைகாட்டுவாவல்லா, அந்தப் பாசையில ரெண்டு பேரும் பேசிக்கிடுதாவ. அவிய பெருவிரல மேல காட்டுனா அவ தலையத் தூக்குதா. விரலக் கீழ காட்டிச் சுத்துனா மெள்ள தலையாணியில எறக்குதா. கைய மூடுனா அப்படியே நிறுத்திருதா. ஒரு எடத்துல கைய மூடாமலே வம்புக்கு நிறுத்துனா, அவிய மொறச்சாவ, ரெண்டு பேரும் சிரிச்சாவ."

"அது நீங்கதாம்மா."

"அப்படித்தான் சொல்லுதிய." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியில ரெண்டு கையையும் சேத்து என்னமோ காட்டுனாவ. அதப் பாத்துட்டு அவ அழுதா. எனக்கு அது என்னன்னு தெரியல அண்ணாச்சி. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. முப்பது வருசம் கூட வாழ்ந்தவ நான், எனக்குத் தெரியல. அவ மேல எனக்குப் பொறாமையா இருக்கு."

அவளை மறுபடி மானி முன்னால் அழைத்துப் போனேன்.

உண்மைமானியில் இப்போது பச்சை வந்தது. ஞானசிகாமணி பிரமாணத்தை வாங்கிக்கொண்டு திரையைத் தட்டினார். ஏதோ இடித்தது போல நிமிர்ந்தார்.

"சார், தாமதமே இல்லியே."

"என்ன?"

"வாரிசுக்குத் தனிக் கெடு இருக்குல்ல சார். கணவர் இறந்ததைத் தெரிஞ்சுக்கிட்ட நாள்ல இருந்து ஒரு வாரம். மனுதாரர் எப்ப தெரிஞ்சுக்கிட்டாங்க?" திரையை என் பக்கம் திருப்பினார். "இன்னைக்குத்தான். கருவியே சொல்லுது. மேல்முறையீடு கெடுவுக்குள்ள வந்துருச்சு."

அந்தச் சலுகை எனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்குள் துக்கத்தை முடித்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கிறவர்களுக்கு உரியது அது. வடிவு பதினாறாம் நாள் வரை வீட்டில் உட்கார்ந்திருந்தவள் என்பதால், அதை நான் முதல் நாளே ஓரமாக வைத்துவிட்டேன். அவளுடைய துக்கத்தையே மன்றம் பிடுங்கிக்கொண்ட பிறகு, துக்கமே படாதவளுக்குரிய சலுகை அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"அப்ப தாமத மனு?"

"தேவையில்லாததுன்னு முடிச்சிரலாம். மேல்முறையீட்டுக்கு நம்பர் போட்டாச்சு. ஐகோர்ட்ராஜா, இறந்தவர், அவருக்காக மனைவி சுடலைவடிவு. பேர் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க."

வடிவு எட்டிப் பார்த்தாள். கணவரின் பெயரைத் திரையில் விரலால் தொட்டாள். "இனி விசாரிப்பாவளா?"

"விசாரிப்பாங்கம்மா. கிரேன் கணினியக் கொண்டாரச் சொல்லுவோம்," என்றேன். அந்த ஒரு நிமிடம் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஞானசிகாமணி அரக்கு வைத்த உறையை மேசை மேல் வைத்தார். "தேவையில்லாம முடிஞ்ச மனுவோட ஆவணத்தைத் திருப்பித் தரலாம். தலையில திரும்ப ஏத்திக்கிடலாம். விதி இருக்கு."

நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "குடுங்க சார்!"

"குடுக்கிறேன். வாங்கிக்கிறவங்க அது தன்னோடதுன்னு அடையாளம் சொல்லணும். வேற ஆளோட நாளை யாருக்காவது ஏத்திட்டா தப்பாயிரும் பாருங்க. 'இந்த நாட்கள் என்னுடையவை'ன்னு மானியில விரல் வச்சு சொன்னாப் போதும்."

வடிவு விரலை நீட்டினாள். பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"அது என்னுது இல்லியே அண்ணாச்சி."

"உங்களுதுதாம்மா. நான் சாட்சி. உங்க கை, உங்க கண்ணு. என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மனசார நினைச்சிச் சொல்லுங்க, பச்சை வந்துரும். அந்தக் கைப்பாசை என்னன்னும் உங்களுக்குத் தெரிஞ்சுரும்."

அவள் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வேண்டும் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. பசித்தவர்கள் அப்படித்தான் இலையைப் பார்ப்பார்கள்.

"பிரேக்கு போட்டேன்னு உண்மையச் சொன்ன மனுசனுக்காவ வந்துருக்கேன். பொய் சொன்னாருன்னு ஊரே பேசுது. அவிய பேரு அங்க திரையில கெடக்கு. அதுக்கு முன்னால நின்னு நான் ஒரு பொய்யச் சொல்லவா?"

"பொய் இல்லம்மா. சத்தியமா பொய் இல்ல."

"எனக்குப் பொய்தான அண்ணாச்சி."

அவளாகவே விரலை மானியில் வைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "அந்த நாளு எல்லாம் அவளுது. அவதான் அவியளப் பாத்துக்கிட்டா. நான் அங்க இல்ல."

பச்சை எரிந்தது. ஞானசிகாமணி இழுப்பறையைத் திறந்து, முத்திரைகளைக் கிளறி, 'உரிமை கோரப்படவில்லை, அழிக்கலாம்' என்பதைத் தேடி எடுத்து, மையில் ஒற்றி, உறையின் மேல் நேராகக் குத்தினார்.